கறை படிந்த பற்களும் விளையாட்டுப் பேச்சும்

தருமபுரியில் பல் மருத்துவம் பார்க்கும் என்னிடம், பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் இளைஞர்களில் சிலர், பெயரைக் கேட்டால்கூட உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறார்கள். “பல்லே விளக்க மாட்டியா?” என்று வகுப்பிலும் பேருந்திலும் கல்யாண வீட்டிலும் கேட்டுக் கேட்டு ஏற்பட்ட பழக்கம் அது. கேட்டவர்கள் அதை விளையாட்டுப் பேச்சாகவே நினைத்திருப்பார்கள்.

அந்தப் பழுப்புக் கறைக்கும் பல் விளக்குவதற்கும் தொடர்பே இல்லை. இப்பகுதியின் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது கலந்த நீரைத் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள்ளே நிலைப்பற்கள் உருவாகும் பருவத்தில், அதாவது ஏறக்குறைய 8 வயதுக்குள், எனாமல் சரியாகக் கெட்டிப்படாமல் போகிறது. பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்திட்டுகளுடன் வந்து, பாதிப்பு அதிகமென்றால் நாளடைவில் அத்திட்டுகள் பழுப்பேறிவிடுகின்றன. மூன்று வேளை விளக்கினாலும் அது போகாது.

இதையெல்லாம் படித்திருந்த நானே ஒருமுறை தவறினேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு தாய் தம் பதின்வயது மகளை அழைத்து வந்தார். வலியில்லை, சொத்தையில்லை என்று பார்த்துவிட்டு, “வெறும் அழகு விஷயந்தானேம்மா, பெரிசா எடுத்துக்காதீங்க” என்று அனுப்பிவிட்டேன். ஓராண்டு கழித்து அந்தப் பெண் பல் கூச்சத்தோடு வந்தாள். செங்கல் பொடியும் உப்பும் கொண்டு நாள்தோறும் தேய்த்ததில் முன்பற்களின் எனாமல் தேய்ந்திருந்தது, கறையோ போகவில்லை. அவள் கேட்டு வந்த உதவியை நான் அற்பமாக எண்ணியதால் நேர்ந்தது அது. இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இப்போது கறைக்காக வருபவரையும் வலியோடு வருபவரைப் போலவே உட்காரவைத்து, சிறுவயதில் எந்த ஊரில், எந்தத் தண்ணீர் குடித்தார் என்று முதலில் கேட்கிறேன். மேலோட்டமான கறையை மெருகேற்றிக் குறைக்கலாம். ஆழமான கறையைப் பல்நிறப் பூச்சால் மூடலாம்; சில ஆண்டுகளில் அதைப் புதுப்பிக்க வேண்டிவரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது என்றால் பேச்சு நீளும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வருகிறது. ஆயினும் குழாயில் தண்ணீர் வராத நாள்களில் போர்வெல் நீரையே குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் வீடுகள் உண்டு. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். ஐயமிருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இவற்றைக் கேட்கும்போது, உடன் வந்த பெரியவர்கள், “சோம்பேறி” என்று பிள்ளையை இதுநாள்வரை திட்டியதை நினைத்துச் சற்று நேரம் பேசாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் நானும் அவர்களை அவசரப்படுத்துவதில்லை.