பட்டா மனு எழுதும் முன்: அந்த இடத்துக்குப் பதிவேட்டில் என்ன பெயர்?

திருப்போரூர் பக்கம் ஓர் இருளர் குடியிருப்பு. ஓலைக்கு மேல் தார்ப்பாய் விரித்த வீட்டின் வாசலில் உட்கார்ந்து, ஒரு பாட்டி மஞ்சள் பையைப் பிரித்தார். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, அப்புறம் முத்திரை குத்திய ஐந்து மனு நகல்கள். "எல்லாத்தையும் எழுதிக் குடுத்தாச்சு தம்பி, இடத்துக்குத்தான் ஒண்ணும் வரல" என்றார். ஐந்தையும் வரி விடாமல் படித்தேன். "எங்களுக்குப் பட்டா வழங்க வேண்டுகிறோம்" என்று இருந்தது. எந்த இடத்துக்கு என்று ஒன்றிலும் இல்லை. சர்வே எண் இல்லாத மனு எந்த மேசைக்கும் போய்ச் சேராது.

சென்னையைச் சுற்றியுள்ள செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் இருளர் குடும்பங்களுக்கு மனு எழுதித் தரும் ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குவது. எண் கிடைத்ததும் அரசின் இணையச் சேவைத் தளத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். நிலம் என்ன வகை என்று அதில் இருக்கும். நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), புறம்போக்கா, ஏரியா, வனமா என்பதைப் பொறுத்து நீங்கள் தட்ட வேண்டிய கதவு மாறும்.

நத்தம் அல்லது ஆட்சேபணை இல்லாத புறம்போக்கு என்றால் வழி நேரானது. வீடும் நிலமும் இல்லாத குடும்பம் என்று சொல்லி, வட்டாட்சியரிடம் வீட்டுமனைப் பட்டா கேட்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும், வருடந்தோறும் நடக்கும் வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பான ஜமாபந்தியிலும் மனு கொடுக்கலாம். ஏரி, குளம், ஓடை என்று இருந்தால் அந்த இடத்துக்குப் பட்டா கிடைக்காது. நீர்நிலைப் புறம்போக்கை ஒதுக்க நீதிமன்றங்கள் விடுவதில்லை. பாட்டியின் வீடு இருந்தது ஏரிப் புறம்போக்கில். அந்த ஐந்து மனுவும் கிடைக்கவே முடியாத ஒன்றைக் கேட்டிருக்கின்றன, அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்குத் தாங்காமல் போனது அதுதான். இப்படிப்பட்ட குடும்பங்கள் மாற்று இடம் கேட்க வேண்டும். அதையும் மொட்டையாகக் கேட்கக் கூடாது. அதே கிராமத்தில் அல்லது பக்கத்தில் உள்ள புறம்போக்கின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, குடும்பங்களின் பட்டியலை இணைத்துக் கேளுங்கள். இருபது கிலோமீட்டர் தள்ளி மனை கொடுத்தால் வயல் வேலை, மீன்பிடிப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அறுந்துபோகும்.

வனம் என்று இருந்தால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வருகிறது. சென்னை ஓரத்து இருளர்களில் பலருக்கு இது பொருந்தாது, ஆனால் காட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு இதைவிட வலுவான சட்டம் வேறில்லை. 13 டிசம்பர் 2005க்கு முன்பிருந்தே அந்த வன நிலத்தில் குடியிருந்தோ பயிர் செய்தோ வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அவர்கள் கையில் உள்ள அளவுக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பேரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. தேன், மூங்கில், கிழங்கு, மூலிகை போன்ற சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையும் இதே சட்டத்தில் இருக்கிறது.

வன உரிமை மனு கிராம சபையில் தொடங்குகிறது. சபை அமைக்கும் வன உரிமைக் குழு நேரில் வந்து பார்க்கும். பிறகு சபைத் தீர்மானம் கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து மாவட்ட அளவிலான குழுவுக்கும் போகும். தீர்மானத்தில் குறை இருந்தால் 60 நாளுக்குள் கோட்டக் குழுவிடம் முறையிடலாம். சாட்சியம் என்றதும் காகிதம்தான் என்று பயப்பட வேண்டாம். மனுதாரர் அல்லாத ஒரு பெரியவரின் எழுதி வாங்கிய வாக்குமூலம், பழைய கிணறு, வரப்பு, இடுகாடு, கன்னியம்மன் கும்பிடும் இடம் எல்லாமே விதிகளின்படி சாட்சியங்கள்தான். குறைந்தது இரண்டு வேண்டும். குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. இந்த விசாரணை முடியும் வரை யாரையும் வெளியேற்றவும் முடியாது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பத்திரம் வழங்குவது பல வருடம் நின்றிருந்தது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. முன்பு மனு கொடுத்து ஓய்ந்துபோனவர்கள் இப்போது திரும்பக் கேட்கலாம்.

பதிவேட்டில் 'டி.சி. நிபந்தனை' (டி.சி. என்றால் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்) என்று கண்டால் அது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இதை ஒதுக்கத் தொடங்கியது. முதல் பத்து ஆண்டு கைமாற்றவே கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாறலாம். மீறி நடந்த விற்பனையை ரத்து செய்து நிலத்தை மீட்க அரசுக்கு அதிகாரம் உண்டு.

சாதிச் சான்றிதழ் இல்லாமல் இவற்றில் பலவும் நகராது. பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தருவார். பெற்றோரிடம் சான்றிதழ் இல்லையென்றால் நேரில் வந்து விசாரிக்கச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள். இருளர்கள் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் இருப்பதால், 15 நவம்பர் 2023இல் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டத்தில் வீடு கட்ட உதவி உண்டு. ஆனால் மனை இல்லாமல் வீட்டை எங்கே கட்டுவது? அதனால்தான் சான்றிதழும் பட்டாவும் முதலில் வேண்டும் என்கிறேன்.

பிழைப்பு என்று பேசும்போது வடநெம்மேலியைச் சொல்லாமல் விட முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டமும், தொடர்ந்து தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் பாம்புத் தோலை நம்பியிருந்த இருளர்களின் வருமானத்தை அறுத்தன. 1978இல் அவர்களே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள், அது இயங்குவது வடநெம்மேலியில். வனத்துறை அனுமதியோடு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் போகிறது. அந்தக் கலையில் தேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தடம் பார்த்துப் பாம்பு தேடும் மனிதருக்கு வயலும் புதரும் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். மாற்று இடம் பக்கத்திலேயே வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பட்டா கையில் வந்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். நிலத்தை அளந்து கல் நடச் சொல்லுங்கள், கணினிப் பதிவில் பெயர் ஏறியதா என்று பாருங்கள். காகிதம் இருக்கும், மனை எது என்று தெரியாது என்ற நிலை எத்தனையோ ஊரில் இருக்கிறது. பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத யாராவது அந்த நிலத்தை ஆக்கிரமித்தாலோ, குடும்பத்தை விரட்டினாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். வழக்கறிஞருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும்.

பாட்டிக்கு ஆறாவது மனுவை நாங்கள் சேர்ந்து எழுதினோம். அவர் விரலை நீட்டிக் காட்டிய மேட்டு நிலத்தின் சர்வே எண் அதன் இரண்டாவது வரியில் இருக்கிறது.