கோடு பொருந்திவிட்டது, எண்ணெய் பொருந்தியதா?

கொங்குச் சீமையில் எண்ணெய்க் கிணறு கிடையாது. அடியில் கிடப்பது கடினப் பாறை. ஆனால் துளை போடுவது இங்கே ஊர்த் தொழில். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை நாடு முழுக்கப் பார்க்கலாம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பெட்ரோலியம் படித்து பி.வி.டி. மென்பொருள் (அழுத்தமும் வெப்பமும் மாறும்போது எண்ணெயின் கன அளவு எப்படி மாறும் என்று கணிப்பது) முன் உட்காரும்போது, போர்வெல் பழக்கமே காலை வாரிவிடும். ஆயிரம் அடியில் இருக்கும் தண்ணீர் மேலே வந்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். கச்சா எண்ணெயோ, அழுத்தம் குறையக் குறைய கரைந்திருந்த வாயுவைக் கக்கிவிட்டுச் சுருங்கும். அடியில் ஒன்றரைப் பீப்பாய் இருந்தது தொட்டியில் ஒன்றாகிவிடும்.

மென்பொருள் எதுவானாலும் உள்ளே பெரும்பாலும் ஓடுவது, எண்ணெயும் வாயுவும் எப்படிப் பிரியும் என்று கணிக்க உதவும், 1972-இல் வந்த சோவ் சமன்பாடோ, 1976-இல் வந்த பெங்-ராபின்சனோதான். அதனால் வம்பு அங்கே இல்லை, சாம்பிள் பாட்டிலில் இருக்கிறது. கிணற்றடியில் பிடித்த எண்ணெய் மேலே வருவதற்குள் குளிர்ந்து அழுத்தம் இழக்கும். வாயு பிரியும், மெழுகு சுவரில் ஒட்டும். லேபில் அதை ரிசர்வாயர் (எண்ணெய் இருந்த நிலத்தடிப் பாறை) வெப்பத்துக்குச் சூடேற்றி, அழுத்தத்தைப் பபிள் பாயிண்டுக்கு (வாயு முதல் குமிழாகப் பிரியத் தொடங்கும் அழுத்தம்) நன்றாக மேலே ஏற்றி, நாள்கணக்கில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டு வால்வைத் திறந்தால் முதலில் வருவது ஒரு எண்ணெய், கடைசியில் வருவது வேறொன்று.

ஆகவே டியூனிங்குக்கு (லேப் அளவுகளோடு பொருந்தும்படி மென்பொருளின் எண்களைத் திருத்துவது) முன் லேப் ரிப்போர்ட்டைப் படியுங்கள். ஒரே ஆழத்தில் எடுத்த பாட்டில்களின் பபிள் பாயிண்ட் ஒத்துப்போகிறதா? எண்ணெயின் கூறுகளில் சி11 முதல் சி18 வரை (11 முதல் 18 கார்பன் அணுக்கள் கொண்டவை) திடீர் மேடு தெரிந்தால், துளையிடும் சேற்றின் எண்ணெய் கலந்திருக்கலாம். அழுத்தம் கேஜ் கணக்கா (காற்றழுத்தம் சேராதது), அப்சலூட் கணக்கா (அதுவும் சேர்ந்தது)? 14.7 பி.எஸ்.ஐ. வித்தியாசம் 3000-இல் தெரியாது, எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் 50 பி.எஸ்.ஐ. செபரேட்டரில் கணக்கையே கவிழ்த்துவிடும்.

டியூனிங்கில் எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. பத்துப் பதினைந்து எண்களை அசைத்தால் எந்தக் கோடும் பொருந்தும். முடிந்தபின் அட்டவணையைத் திறந்தால், கனமான கூறின் கிரிட்டிகல் வெப்பநிலை (இதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) அதைவிட லேசானதுக்குக் கீழே போயிருக்கும். அப்படியொரு எண்ணெய் பூமியில் இல்லை. சி7-க்கு மேற்பட்ட கனப்பகுதியின் மூலக்கூறு எடைதான் லேபிலேயே அதிகம் பிசகக்கூடியது, பத்து சதவீதம் வரைகூட. முதலில் அதை அந்த எல்லைக்குள் நகர்த்திப் பபிள் பாயிண்டைப் பிடியுங்கள். பிறகு அடர்த்தியை வால்யூம் ஷிஃப்டால் (கணக்கிட்ட கன அளவை மட்டும் நகர்த்தும் திருத்தம்) சரிசெய்யுங்கள். அது பபிள் பாயிண்டைத் தொடாது. பிசுக்குமை கடைசியில். அதைக் கணக்கிடப் பலர் பயன்படுத்தும் எல்.பி.சி. (லோரன்ஸ்-பிரே-கிளார்க்) முறை அடர்த்தியின் நான்காம் படிக் கோவையை மறுபடி நான்காம் படிக்கு ஏற்றுகிறது. அடர்த்தி கொஞ்சம் தவறினாலும் பிசுக்குமை எங்கேயோ போய் நிற்கும்.

இன்னொன்று, பணம் சம்பந்தப்பட்டது. டிஃபரன்ஷியல் சோதனையில் (லேபில் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, பிரியும் வாயுவை ஒவ்வொரு படியிலும் வெளியேற்றுவது) கிடைக்கும் எண்ணெய்க் கன அளவுக் காரணியை (தொட்டியில் ஒரு பீப்பாய்க்கு அடியில் எத்தனை பீப்பாய் என்ற எண்) அப்படியே இருப்புக் கணக்கில் போடுகிறார்கள். உதாரணத்துக்கு அது 1.62 என்றும், செபரேட்டர் சோதனையில் 1.48 என்றும் வைத்துக்கொள்வோம். அடியில் 10 கோடிப் பீப்பாய் இருந்தால் முதல் எண்ணுக்கு 6.17 கோடி, இரண்டாவதுக்கு 6.76 கோடி. வயலில் எண்ணெய் செபரேட்டர் வழியாகத்தான் போகிறது. எந்த எண் சரியென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.