மீற்றர் ஒரு இலட்சத்தைத் தாண்டினால்

மட்டக்களப்புக் கல்லடியில் கராஜ் வைத்திருக்கிறேன். ஒரு இலட்சம் கிலோமீற்றர் தாண்டிய வாகனத்தின் பெரிய சேவிஸுக்கு எவ்வளவு முடியும் என்று எழுதிக் கொடுத்ததும் பலருக்கு முகம் வாடிவிடும். "தம்பி, இப்ப ஒயிலை மட்டும் மாத்துங்க, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அது இன்றைக்குத் திடீரென்று வந்த செலவில்லை. வாகனம் ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றரிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய கடன்.

களுவாஞ்சிகுடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் பழைய டீசல் வானில் ஹயர் ஓடுகிறார். பழைய டொயோட்டா டீசல் வான்கள் பலவற்றில் 100,000 கிலோமீற்றர் ஆனதும் டைமிங் பெல்ட்டை (பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓட வைக்கும் பட்டியை) மாற்றச் சொல்லும் விளக்கு எரியும். அவருடைய வானிலும் எரிந்தது. "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிட்டார். கொழும்புக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு இரவு, வெலிக்கந்தை தாண்டியதும் பெல்ட் அறுந்தது. டீசல் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும். வால்வுகள் வளைந்து, அவை இருக்கும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்ற வேண்டி வந்தது. வானைக் கட்டியிழுத்து வந்த கூலி, ஹெட் வேலை, ஓடாமல் நின்ற நாட்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

விட்ஸ், எக்ஸியோ கார் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அவற்றில் பெல்ட்டுக்குப் பதிலாக இருப்பது செயின். ஒயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றுங்கள்; தவறினால் செயின் தேய்ந்து, தளர்ந்து சத்தம் போடும். பெல்ட் வாகனத்தைச் செகண்ட் ஹேண்டாக வாங்கி, மாற்றியதற்கு எந்தப் பதிவும் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மீற்றரை நம்பவேண்டாம். பெல்ட்டைக் கழற்றும்போதே அதை இறுக்கி வைத்திருக்கும் டென்ஷனர், வோட்டர் பம்ப், ஒயில் சீல் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. பல எஞ்சின்களில் பிறகு வோட்டர் பம்ப் ஒழுகினால் அதே இடத்தை மறுபடி திறக்கவேண்டும், கூலியும் இரண்டு தடவை.

எங்கள் ஊருக்கென்று தனிச் செலவும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்றில் கீழ்ப்பக்கம் துருப்பிடிக்கும், பிரேக் கலிப்பர் இறுகும், கழற்றப் போனால் போல்ட் முறியும். ரேடியேட்டருக்குக் கூலண்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உவர்த் தண்ணீரில் உள்ளே துருவும் படிவும் சேர்ந்து அடைத்துவிடும். அதனால் நான் எழுதித் தரும் தொகைக்கு மேல் கால்வாசி கையில் இருக்கட்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

காசு போதாவிட்டால் வேலையைப் பிரித்துச் செய்யலாம். பிரேக், டயர், ஸ்டியரிங் முதலில். இவற்றில் தவணை பேசாதீர்கள். பின்சீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்தது பெல்ட், கூலண்ட், கியர் ஒயில். ஏசி, சீட் கவர், பெயின்ட் எல்லாம் பொறுக்கும். கதவுச் சத்தத்துக்கு ஒரு வருடம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

சரி, காசை எப்படிச் சேர்ப்பது? கிலோமீற்றருக்கு 10 ரூபாய் ஒதுக்கச் சொல்கிறேன். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடினால் வருடத்துக்கு 120,000 ரூபாய் சேரும். சின்னக் காருக்கு அது பெரிய துணை. வானுக்கு இன்னும் கூட்டவேண்டும். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வேளாண்மை செய்பவர்களுக்கு மாதக் கணக்கு சரிவராது. பெரும்போக அறுவடைக் காசு வந்ததும் வாகனத்துக்கென்று ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைக்கலாம். சீட்டுப் பிடிப்பவர்கள் ஒரு சீட்டை இதற்கென்றே வைக்கலாம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் பழைய காரையே தொடர்ந்து ஓட்டுகிறார்கள். அந்தக் கார் இன்னும் பல வருடம் ஓடும், பார்த்துக்கொண்டால்.

கராஜுக்கு வரும்போது முதலில் முழுதாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பார்ட்ஸ் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஜெனுயினா வேறா என்றும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்கிக் கையில் எடுத்துப் பாருங்கள். அப்படிக் கேட்பவர் மீது எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.