வன்வட்டு: ‘கடின இயக்கி’ வேண்டாமே

கணினியில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் ஹார்ட் டிஸ்க்கை, அதாவது ஹார்ட் டிரைவை, விற்பனைப் பக்கங்களில் ‘1 டிபி கடின இயக்கி’ என்று பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. கடினமாக எதை இயக்குகிறதாம்? எந்திரம் மொழிபெயர்த்துக் கொட்டியதை யாரும் ஒருமுறைகூட வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ‘ஹார்ட்’ பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 1956இல் ஐபிஎம் ராமாக் கணினியோடு வந்த வட்டுச் சேமிப்பகத்தில் 24 அங்குல அகலத்தில் 50 வட்டுகள். அத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளைத்தான் கொள்ளும். அப்போது அது வெறும் வட்டு. 1971இல் அதே நிறுவனம் வளையும் பிளாப்பி வட்டைக் கொண்டுவந்த பிறகு, வளையாததைப் பிரித்துச் சொல்ல அடைமொழி தேவைப்பட்டது.

அதற்குத் தமிழில் ‘வன்’ தயாராக இருக்கிறது. வல்லினம், வன்சொல், வன்பொருள். பிளாப்பி நெகிழ்வட்டு என்றால் இது வன்வட்டு, அவ்வளவுதான். வட்டும் புதிதன்று, ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்கிறது குறள். அங்கே அது ஆட்டக்காய். பள்ளி விளையாட்டு விழாவின் வட்டு எறிதல் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கம். ‘கடினம்’ வடசொல் என்பதற்காக நான் ஒதுக்கவில்லை. கடினமான பாறை என்று சொல்கிறோம், சரி. ஆனால் ‘கடின வட்டு’ என்றால் இன்று கணக்குப் பரீட்சைதான் நினைவுக்கு வருகிறது.

‘வன்தட்டு’ என்பாரோடு பெரிய சண்டை இல்லை. தட்டவே கூடாத பொருளுக்குத் ‘தட்டு’ என்று பெயர் வைப்பானேன் என்பது மட்டும்தான் என் கேள்வி.

சண்டையெல்லாம் ‘நிலைவட்டு’ என்பாரோடுதான். 1983இல் வந்த பிசி எக்ஸ்டி கணினியின் 10 எம்பி வட்டை ஐபிஎம் ‘ஃபிக்சட் டிஸ்க்’ என்றே குறிப்பிட்டது. பெட்டியிலிருந்து கழற்றி எடுக்க முடியாதது என்று பொருள். இன்று அதே வட்டை உறையில் போட்டுப் பையில் எடுத்துப் போகிறோம். நிலை எங்கே போயிற்று? உள்ளே பார்த்தாலும் நிலையாக நிற்பது எதுவுமில்லை. காந்தப் பூச்சுள்ள அலுமினிய, கண்ணாடி வட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றுகின்றன. 7200 என்றால், மூன்றரை அங்குல வகையில் வட்டின் விளிம்பு மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. ஒரு கம்பிச் சுருளில் மின்சாரம் பாய, காந்தத்தின் அருகே அது அசைந்து, வட்டின் மேல் நீளும் கையைத் திருப்புகிறது. கையின் நுனியில் உள்ள தலை வட்டைத் தொடுவதில்லை. சுழற்சி கிளப்பும் காற்றில் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடியே காந்தத் திசைகளைப் படிக்கிறது, எழுதுகிறது. பிளாப்பியில் தலை வட்டை உரசிக்கொண்டே படிக்கும்; அங்கே வளைந்தாலும் ஒப்பேறும். இங்கே வட்டு துளி நெளிந்தாலும் தலை மோதிப் பூச்சைச் சுரண்டிவிடும். வன்மை இல்லாமல் இந்தக் கருவியே இல்லை. அந்த ஒன்றை விட்டுவிட்டு ‘நிலை’யைப் பிடித்துக்கொண்டால் எப்படி?

அப்புறம் ‘இயக்கி’. பிரிண்டருக்காகக் கணினியில் ஏற்றும் டிரைவர் மென்பொருளுக்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது. ‘இயக்கியை நிறுவவும்’ என்று படிப்பவர் திருப்புளியை எடுப்பாரா, இணையத்திலிருந்து இறக்குவாரா? சிலர் ‘இயக்ககம்’ என்கிறார்கள்; எனக்குப் பள்ளிக் கல்வி இயக்ககம்தான் கண்ணில் நிற்கிறது. கடைக்காரர் ‘ஹார்ட் டிஸ்க் போச்சு’ என்றால் முழுப் பெட்டியையும்தான் சொல்கிறார். வன்வட்டும் அப்படியே முழுப் பெட்டியையும் குறிக்கட்டுமே.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தை இதில் இழுக்காதீர்கள். அதில் சுழல்வது ஏதுமில்லை, சிப்புகள் மட்டுமே. ‘திடநிலை வட்டு’ என்று எழுதுவோர் முதலில் அதைத் திறந்து வட்டைக் காட்டட்டும்.