பத்தியைக் கொண்டு சொற்பொருள் அறிதல்

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில், சொல்லைத் தனியே கொடுத்து எதிர்ச்சொல் கேட்கும் வினாக்கள் 1994இல் நீக்கப்பட்டன. ஒரு சொல்லிணைக்கு இடையிலுள்ள உறவை ஒத்த வேறொரு சொல்லிணையைக் கேட்கும் ஒப்புமை வினாக்கள் 2005இல் போயின. 2016இல் தேர்வு மாற்றியமைக்கப்பட்டபோது, பத்திக்குள் ஒரு சொல் எந்தப் பொருளில் வருகிறது என்று கேட்பதே சொல்லறிவைச் சோதிக்கும் முதன்மையான வழியாயிற்று.

அந்த மாற்றத்தை முன்னிட்டு, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு 2014இல் வெளியிட்ட மாதிரி வினா ஒன்று இது நடக்கும் விதத்தை நன்கு காட்டுகிறது. வேலைவாய்ப்பும் உற்பத்தித்திறனும் வருங்காலத்தில் சில பெருநகரங்களில் மேலும் 'இன்டென்ஸ்' ஆகக் குவியும் என்கிறது பத்தி. உணர்ச்சிமிக்க, செறிந்த, ஒளிமிக்க, மனவுறுதி கொண்ட என்று பொருள்படும் நான்கு சொற்கள் விடைகளாகத் தரப்பட்டுள்ளன. அந்தச் சொல் மாணவருக்குப் புதிதன்று. உணர்ச்சியையும் ஒளியையும் பற்றிப் பேசும்போது அது வருவதை அவர் பலமுறை படித்திருப்பார் என்பதே இங்குள்ள சிக்கல். குவிவன வேலைகள், குவியும் இடங்களோ மிகச் சில என்னும் இரு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் 'செறிந்த' ஒன்றே நிற்கும்.

பல பொருள் கொண்ட சொல்லைக் கேட்கும்போது மனத்தில் நடப்பதை உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி 1979இல் ஆராய்ந்தார். பூச்சியையும் ஒட்டுக்கேட்கும் கருவியையும் குறிக்கும் 'பக்' என்ற ஆங்கிலச் சொல் காதில் விழுந்தவுடன், முந்தைய வாக்கியம் பூச்சியையே சுட்டினாலும், இரு பொருள்களும் ஒருங்கே எழுகின்றன. ஏறக்குறைய ஒரு நொடிக்குள் பொருந்தாதது அடங்கிவிடுகிறது. தேர்வின் தவறான விடைகள், இப்படி அடங்கவேண்டிய பொருள்களையே மீண்டும் கண்முன் நிறுத்துகின்றன. ஆகவே விடைகளை மறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் தாமே ஒரு சொல்லை இட்டுப் பார்த்த பிறகு விடைகளைப் படிப்பது நல்ல முறை.

முற்றிலும் அறியாத சொல்லுக்கு இம்முறை அவ்வளவாக உதவாது. பெக், மெக்கியோன், மெக்காஸ்லின் ஆகியோர் 1983இல் எழுதிய ஆய்வில் சூழல்களை நால்வகையாகப் பிரித்தனர்: பொருளைத் தெளிவாகக் காட்டுவது, பொதுவாகச் சுட்டுவது, எதையும் காட்டாதது, தவறான பொருளுக்கே இட்டுச்செல்வது. வினா எழுதுபவர் முதல் வகையைத் தேடி எடுக்கிறார் அல்லது அமைக்கிறார். கதையோ செய்தியோ எழுதுபவருக்கு அந்தக் கடமை இல்லை. மேலும், குறிப்புகளாக நிற்பவையும் சொற்களே. ஆங்கிலத்தை வேற்றுமொழியாகக் கற்போரை ஆராய்ந்த ஹூவும் பால் நேஷனும், ஒரு கதையைத் துணையின்றிப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்கவேண்டும் என்று 2000இல் கணித்தனர். அதாவது 50 சொற்களுக்கு ஒன்று மட்டுமே புதிதாக இருக்கலாம். சொல்வளம் குறைந்த மாணவருக்குக் குறிப்புகளைத் தேடும் உத்தியை மட்டும் கற்பிப்பது பயனற்றுப்போவது இதனால்தான். அவருக்கு வேண்டியது தம் நிலைக்கு ஏற்ற நூல்களும் அவற்றைப் படிக்க நேரமும். ஒருமுறை எதிர்ப்படும் புதுச்சொல் மனத்தில் தங்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருபதில் ஒன்று என்று வில்லியம் நேகியும் அவருடைய குழுவினரும் 1987இல் கண்டறிந்தனர்; ஆண்டு முழுவதும் படிப்பவருக்கு அந்தச் சிறு வாய்ப்பே பல நூறு சொற்களாகப் பெருகும்.