டாரிஃப்: வரியா, பட்டியலா?

செய்தித்தாளில் 'டாரிஃப்' என்று வந்தால் 'வரி' என்று படித்துக்கொண்டு போய்விடுகிறோம். அந்தச் சொல்லின் வேரில் வரியே கிடையாது. 'அறிதல்' என்ற பொருளுள்ள அரபு வேரில் பிறந்த 'தஅரீஃப்', அதாவது 'தெரியப்படுத்துதல்' தான் அதன் மூலம். எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று வணிகர்களுக்குத் தெரியப்படுத்தும் பட்டியலை இத்தாலியர் 'தாரிஃபா' என்றார்கள். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. ஸ்பெயினில் உள்ள தாரிஃபா என்ற ஊரில் கடற்கொள்ளையர் கப்பம் வாங்கியதால் வந்த பெயர் என்பார்கள். அது வெறும் கதை.

பட்டியல் என்ற அந்தப் பழைய பொருளை விட்டுவிட்டால் அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலச் சண்டைகள் புரியவே புரியாது. வருமான வரி இல்லாத காலம் அது. 1789 ஜூலை 4 அன்று வாஷிங்டன் கையெழுத்திட்ட சுங்கச் சட்டம்தான் புதிய அரசுக்குச் சோறு போட்டது. 1791-இல் நிதிச் செயலர் ஹாமில்டன் இன்னொரு பயனைச் சொன்னார்: இதே சுங்கத்தால் உள்நாட்டு ஆலைகளையும் வளர்க்கலாம். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. எந்த ஆலையை? யார் செலவில்?

1816-இல் ஆலைகளைக் காக்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்துப் பேசியவர் தெற்கு மாநிலமான தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன். 1824-இல் சுங்க உயர்வை எதிர்த்துப் பேசியவர் வடகிழக்கு மாநிலமான மாசசூசெட்ஸின் டேனியல் வெப்ஸ்டர். 1828-இல் சுங்கத்தை மேலும் உயர்த்தும் சட்டம் வந்தபோது இருவரும் இடம் மாறி நின்றார்கள்! நடுவில் மாசசூசெட்ஸில் நெசவாலைகள் பெருகியிருந்தன. தெற்கோ, அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தியைப் பிரிட்டனுக்கு விற்று, தேவையான பொருள்களைச் சுங்கத்தால் கூடிய விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. 1832 நவம்பரில் தென் கரோலினா, 1828, 1832 சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லாது என்றே அறிவித்தது. சுங்கத்தைப் படிப்படியாக 1842-க்குள் 20 சதவீதத்துக்குக் குறைக்கும் 1833-ஆம் ஆண்டுச் சமரசச் சட்டம் வந்த பிறகுதான் சூடு தணிந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் மிகப் பழைய சொல் உண்டு: உல்கு. குறள் 756, 'உல்கு பொருளும்' வேந்தனுடையது என்கிறது. அப்புறம் சுங்கம், முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர். இலங்கையில் இன்றும் 'தீர்வை' வழக்கில் இருக்கிறது. தனிச் சரக்குக்குக் கட்டும் தொகையைச் 'சுங்கத் தீர்வை' என்றும், முழு அட்டவணையைத் 'தீர்வைப் பட்டியல்' என்றும் பிரித்து எழுதலாம் என்பது என் கருத்து. மின்சார டாரிஃபுக்கு இவை பொருந்தா; அது 'கட்டண வீதம்'.

1828 சட்டத்துக்குத் தெற்கத்தியர் வைத்த 'டாரிஃப் ஆஃப் அபாமினேஷன்ஸ்' என்ற பெயரை 'அருவருப்பு வரி' என்று மொழிபெயர்ப்பது போதாது. அவர்கள் 'அருவருப்புகள்' என்று பன்மையில் சொன்னார்கள். இரும்பு, சணல், கம்பளி, வெல்லப்பாகு என்று அந்தப் பட்டியல் வரிசையாக நீண்டது.