ஒரு டீ கப்பும் இரண்டு டன் கண்ணாடியும்

எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தின் பின்புறம் போய்ப் பார்த்தாலும் இதைக் கவனிக்கலாம். யாரோ குடித்துவிட்டு எறிந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விடிவதற்குள் காணாமல் போயிருக்கும். பக்கத்தில் கிடக்கும் உடைந்த பீர் பாட்டிலை மட்டும் மாதக்கணக்கில் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். குப்பை பொறுக்கிப் பிழைப்பவரின் கணக்கு அது. பெரிய பீர் பாட்டில் ஒன்று அரைக் கிலோவுக்குப் பக்கம் வரும். சாக்கில் இருபது பாட்டில் சேர்ந்தாலே தூக்க முடியாது. உடைந்திருந்தால் சாக்கையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும். அவ்வளவு பாடுபட்டுக் காயலான் கடைக்குக் கொண்டுபோனாலும் கிலோவுக்குக் கிடைக்கும் காசு பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இத்தனைக்கும், மறுசுழற்சிக்கென்றே பிறந்த பொருள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் கண்ணாடியைத்தான் சொல்ல வேண்டும். காகிதத்தைக் கூழாக்கும் ஒவ்வொரு முறையும் அதன் நார் குட்டையாகிறது. பிளாஸ்டிக்கை உருக்க உருக்க அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடுகின்றன. கண்ணாடியில் அறுபட நாரும் இல்லை, சங்கிலியும் இல்லை. நூறு முறை உருக்கினாலும் அதே கண்ணாடிதான். பிறகு ஏன் அது தெருவில் கிடக்கிறது? உருக்குவதில் எந்தச் சிக்கலும் இல்லை. உலைக்குப் போவதற்கு முந்தைய வழியில்தான் எல்லாச் சிக்கலும்.

முதலில் உலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பாட்டில் கண்ணாடியில் ஏறக்குறைய 72 சதவீதம் சிலிக்கா, அதாவது சுத்தமான மணல். மணலை மட்டும் உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டுக்கு எரிபொருள் போட்டுக் கட்டுப்படியாகாது. அதனால் சோடா சாம்பல் சேர்க்கிறார்கள். துணி துவைக்கும் சலவை சோடாவின் உறவுக்காரன்தான் அது. மணல் உருகும் வெப்பநிலையை அது இறக்கிவிடுகிறது. ஆனால் சோடாவும் மணலும் மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும், அதில் பாட்டில் செய்து பயனில்லை. கரையாமல் காக்கச் சுண்ணாம்புக்கல்லும் சேர்கிறது. மூன்றையும் கலந்து 1,500 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் பாட்டில் கண்ணாடி.

ஒரு டன் கண்ணாடி செய்ய ஏறக்குறைய 1.2 டன் மூலப்பொருள் போட வேண்டும். மீதி 200 கிலோ எங்கே போகிறது? சோடா சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் கார்பனேட்டுகள். சூடேறியதும் அவற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து புகைபோக்கி வழியே போய்விடுகிறது. எரிபொருளை எரிப்பதில் வரும் புகை தனி, இது தனி. உலையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 200 கிலோ வந்தே தீரும்.

பழைய பாட்டிலை நொறுக்கிய துண்டுகளை இந்தத் தொழிலில் கல்லெட் என்கிறார்கள். அது விட வேண்டிய வாயுவை எல்லாம் முதல் பிறவியிலேயே விட்டுவிட்டது. ஒரு டன் போட்டால் ஒரு டன் கண்ணாடி கிடைக்கும். இன்னொரு நல்ல குணமும் உண்டு. மணலுக்கு முன்னால் தான் இளகி, சுற்றியிருக்கும் மணல் மணிகளை நனைத்து அவற்றையும் சீக்கிரம் கரைய வைக்கும். பாலில் விடும் உறைமோர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். உலையில் கல்லெட்டின் பங்கு 10 சதவீதம் கூடினால் எரிசக்திச் செலவு இரண்டரை முதல் மூன்று சதவீதம் குறையும் என்பது தொழில்துறையின் பொதுக்கணக்கு.

இந்தக் கணக்கை நீட்டிப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முழுக்க முழுக்கப் பழைய கண்ணாடியையே போட்டாலும் மிச்சமாவது எரிசக்தியில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. அலுமினியத்தை மறுசுழற்சி செய்தால் 95 சதவீதம் மிச்சம் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். பழையதோ புதியதோ, கண்ணாடியை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். அதிலும் கண்ணாடி உலையை நினைத்தால் அணைத்து நினைத்தால் ஏற்ற முடியாது. ஒருமுறை மூட்டினால் பத்துப் பதினைந்து வருஷம் இரவு பகலாக எரிந்துகொண்டே இருக்கும். சரி, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது தலைப்பில் வந்த டீ கப். கைதவறி விழுந்து உடைந்த பீங்கான் கப்பை, அதுவும் கண்ணாடி மாதிரிதானே என்று பாட்டில்களோடு சேர்த்துப் போடுபவர்கள் நிறைய. பீங்கான் கண்ணாடி உலையின் சூட்டில் உருகாது. சின்னக் கல்லாக மிதந்து போய் ஏதோ ஒரு புது பாட்டிலின் சுவரில் உட்கார்ந்துகொள்ளும். பாட்டில் ஆறும்போது கண்ணாடி ஓர் அளவுக்குச் சுருங்கும், அந்தக் கல் வேறோர் அளவுக்குச் சுருங்கும். இரண்டுக்கும் நடுவில் இழுவிசை தங்கிவிடும். அப்படிப்பட்ட பாட்டிலில் சோடாவை அழுத்தி அடைத்தால் அந்த இடத்தில்தான் வெடிக்கும்.

அதனால் அளவுகள் மிகக் கறாரானவை. எவ்வளவு சுத்தமாக இருந்தால் கல்லெட்டைக் குப்பை என்று எண்ணாமல் மூலப்பொருளாக ஏற்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் ஒரு விதி வகுத்தது. ஒரு டன்னில் இரும்பு 50 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மற்ற உலோகங்கள் 60 கிராம். ஒரு மில்லிமீட்டருக்குப் பெரிய கல்லெட்டில் கல், பீங்கான் வகையறா 100 கிராம். 200 கிராம் எடையுள்ள ஒரே ஒரு டீ கப் இரண்டு டன் கண்ணாடிக்கான ஒதுக்கீட்டைத் தின்றுவிடும்!

உலோகங்களின் சேட்டை வேறு விதம். பாட்டில் மூடியின் அலுமினியம் உருகிய கண்ணாடியில் விழுந்தால் சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சும் சிலிக்கான், குட்டிக் குட்டி உருண்டைகளாகக் கண்ணாடிக்குள் தங்கும். ஒவ்வோர் உருண்டையும் ஒரு விரிசலுக்கு விதை. ஈயம் இன்னும் மோசம். கனமானதால் அடியில் இறங்கி, உலையின் தரைச் செங்கல்லைத் துளைத்துக்கொண்டே போகும். பத்து வருஷம் ஓட வேண்டிய உலைக்கு அது நேராக ஆயுள் குறைப்பு. நுண்ணலை அடுப்பில் வைக்கும் போரோசிலிகேட் பாத்திரமும் ஆகாது. பார்த்தால் அசல் கண்ணாடி. ஆனால் சூட்டில் அது விரிவது பாட்டில் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான். எளிதில் இளகிக் கலக்கவும் செய்யாது.

இதையெல்லாம் பிரித்தெடுக்கும் ஆலைதான், என்னைக் கேட்டால், இந்த மொத்தக் கதையிலும் சுவாரசியமான இடம். நொறுங்கிய கண்ணாடி ஒரு பட்டையில் ஓடி வரும். முதலில் காந்தம், சோடா மூடி மாதிரியான இரும்பை அள்ளும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. அதற்குப் பட்டைக்கு அடியில் வேகமாகச் சுழலும் காந்த உருளை ஒன்று இருக்கும். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி உருளையை எதிர்க்க, மூடி தானாகத் துள்ளிப் பட்டையை விட்டு வெளியே விழும். காகித லேபிளை உறிஞ்சு காற்று இழுத்துக்கொள்ளும். அதனால் வீட்டில் உட்கார்ந்து லேபிளைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம். மூடியைக் கழற்றி, உள்ளே ஊறுகாய் எண்ணெய் இருந்தால் ஒருமுறை அலசினால் போதும்.

அடுத்து ஒளி. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அருவி மாதிரி விழும்போது ஒரு பக்கம் விளக்கு, எதிரே கேமரா. ஒளி ஊடுருவாத துண்டு பீங்கானாகவோ கல்லாகவோ இருக்க வேண்டும். அடுத்த மில்லி நொடிகளில், கீழே இருக்கும் காற்றுக்குழல் ஒன்று சரியாக அந்தத் துண்டை மட்டும் ஊதித் தள்ளிவிடும். ஒளி ஊடுருவும் திருட்டுக் கண்ணாடிகளைப் பிடிக்கப் புற ஊதாக் கதிர், ஈயம் கலந்தவற்றுக்கு எக்ஸ் கதிர் என்று வேறு காவலாளிகளும் உண்டு. அதே கேமராக்கள் நிறத்தையும் பிரிக்கும்.

நிறம் ஏன் முக்கியம்? பச்சைக்குக் குரோமியம். பழுப்பு நிறம், ஆக்சிஜன் குறைந்த சூழலில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து தருவது. இந்த நிறங்களை உருக்கிய பிறகு வெளியே எடுக்க வழியே இல்லை. பீரைப் பழுப்பு பாட்டிலில் அடைப்பதும் அழகுக்காக இல்லை. நீலமும் புற ஊதாவும் பட்டால் பீரின் கசப்புப் பொருள் உடைந்து கந்தக நாற்றம் வரும், பழுப்பு அந்த ஒளியைத் தடுக்கிறது. ஆகவே நிறமற்ற கண்ணாடி உலைக்குள் பச்சைத் துண்டு கொஞ்சம் போனாலும் கெட்டது. பச்சை உலைதான் பெருந்தன்மையானது, கிட்டத்தட்ட எதையும் ஏற்றுக்கொள்ளும். ஐரோப்பாவில் சில பச்சை உலைகள் 90 சதவீதம் வரை கல்லெட்டிலேயே ஓடுகின்றன.

இவ்வளவு சாமர்த்தியமான இயந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. துண்டு சில மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் கேமராவாலும் காற்றுக்குழலாலும் ஒன்றும் செய்ய முடியாது. இங்கேதான் சேகரிப்பு முறை விளையாடுகிறது. ஜெர்மனியில் தெருமுனைகளில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று தனித்தனிப் பெட்டிகள் இருக்கின்றன. நீல பாட்டில் மாதிரி இடம் தெரியாதவை பச்சையில் போகும். எல்லாவற்றையும் ஒரே லாரியில்தானே கொட்டுகிறார்கள் என்று அங்கும் சந்தேகப்படுபவர்கள் உண்டு. லாரிக்குள் தடுப்புகள் இருப்பது வெளியிலிருந்து தெரியாது. நம் நகரங்களில் பாட்டில் பெரும்பாலும் சாம்பார், வாழை இலையோடு கலந்து அழுத்தும் லாரிக்குள் போகிறது. அங்கே நசுங்கி, மண்ணும் ஈரமும் ஒட்டிய பொடியாக வெளியே வருகிறது. அதை எந்த உலையும் தொடாது. அந்த லாரியில் ஏறிய நொடியில் பாட்டிலின் மறுபிறவி முடிந்தது. தூய்மைப் பணியாளரின் கை கிழிவது தனிக் கொடுமை.

ஆகவே முழு பாட்டிலாக, உடையாமல், தனியாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு நீலகிரி ஒரு வழி காட்டியது. காட்டில் எறியப்படும் மது பாட்டில்கள் உடைந்து யானை முதலான விலங்குகளின் கால்களைப் பதம் பார்ப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தருவார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக இது விரிந்தது. இடம் போதவில்லை, வேலைப்பளு கூடுகிறது என்று டாஸ்மாக் ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் நியாயமானதுதான். ஆனால் கணக்கு மாறியதைக் கவனியுங்கள். கண்ணாடியாக எடை போட்டால் சில்லறைக்கும் தேறாத குவார்ட்டர் பாட்டில் இப்போது 10 ரூபாய். குடித்தவர் எறிந்துவிட்டுப் போனாலும் வேறொருவர் குனிந்து எடுப்பார். வேலையைச் செய்வது அந்த 10 ரூபாய்தான், விழிப்புணர்வுப் பலகை இல்லை.

முழு பாட்டில் கைக்கு வந்தால் உருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் வருகிறது. உருக்கினால் கால் பங்குதான் மிச்சம் என்று பார்த்தோமே. கழுவி மறுபடி நிரப்பினால் அந்த 1,500 டிகிரியே தேவையில்லை. சூடான காஸ்டிக் சோடாக் கரைசல் போதும், லேபிள், பசை, அழுக்கு எல்லாம் கழன்றுவிடும். அப்புறம் விரிசல் இருக்கிறதா, உள்ளே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஒரு சோதனை. ஜெர்மனியில் பீர் பாட்டில் ஒன்று 50 முறை வரைகூட இப்படி நிரம்பித் திரும்புகிறது. அதற்கு அங்கே முன்பணம் 8 சென்ட். நம் ஊர்ப் பெட்டிக்கடை சோடா, கலர் பாட்டில்களும் இந்த வழியில் பல தலைமுறைகளாக ஓடியவைதான். பழைய பாட்டிலின் வயிற்றுப் பகுதியில் வெள்ளையாகத் தேய்ந்த வளையம் இருக்குமே, அது பாட்டிலோடு பாட்டில் உரசிய தடம். கண்ணாடியின் பலத்தைக் குறைப்பவை இத்தகைய நுண்கீறல்களே. அதனால் திரும்பி வரும் பாட்டிலை முதலிலேயே தடிமனாக வார்க்கிறார்கள். அந்தக் கனம் லாரியில் டீசலாகச் செலவாகும் என்பதால், நிரப்பும் ஆலை பக்கத்தில் இருக்கும்வரைதான் கழுவுவதில் லாபம். பல நூறு கிலோமீட்டர் காலியாகப் பயணிக்க வேண்டுமென்றால் கணக்கு உருக்கும் பக்கம் சாயத் தொடங்கும்.

கழுவவும் முடியாத, உருக்கவும் முடியாத பொடிக்கு என்ன வழி? ஆற்று மணலுக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருக்கையில் கான்கிரீட்டில் போட்டால் என்ன என்று தோன்றும். அங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. சிமெண்டில் இருக்கும் காரம் கண்ணாடியின் சிலிக்காவோடு வினைபுரிந்து ஒரு கூழை உண்டாக்கும். ஈரம் பட்டால் அந்தக் கூழ் உப்பும், சில வருஷங்களில் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். விந்தை என்னவென்றால், அதே கண்ணாடியை சிமெண்ட் அளவுக்கு மாவாக அரைத்துப் போட்டால் இந்த வெடிப்பு வருவதில்லை. நுண்பொடி சீக்கிரமே வினையை முடித்துக்கொண்டு சிமெண்டைப் போலவே பிணைக்கத் தொடங்குகிறது, சிமெண்டில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம். அவ்வளவு நைசாக அரைக்க ஆகும் மின்சாரமும், அரைப்பதற்கு முன்னால் சாம்பார் வாடையை நீக்க ஆகும் செலவும்தான் இதற்குக் குறுக்கே நிற்கின்றன.